மாமனாரின் சீட்டாட்ட மேஜை

டீ டம்ளரைத் தூக்கியதும் இளைய மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. மாமனாரின் சீட்டாட்ட மேஜைமேல் வெள்ளையாக ஒரு வளையம் உட்கார்ந்திருந்தது.

சாதாரண மேஜையா அது? மடித்தால் சமர்த்தாகச் சுவரோரம் நிற்கும். பின்னங்காலை வெளியே இழுத்துப் பலகையை விரித்தால் நாலு பேர் ஆடலாம். உள்ளே பச்சைத் துணி, மூலைக்கு மூலை பந்தயக் காசு வைக்கக் குழி. ஓரத்தில் வேறு நிற மரத்தை மயிரிழையாகப் பதித்திருந்தார்கள். நூறு வயசு, ஓர் ஆணி கிடையாது.

மாமனார் வீட்டைக் காலி செய்கிறார். வாசலில் லாரி நிற்கிறது. மேஜை எந்த மாப்பிள்ளைக்கு என்று இன்று சொல்லிவிடுவார். எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும் சகலையிடம் இதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

ஈரத் துணியால் துடைத்தான், வளையம் அகலமானது. எண்ணெய் தடவினான், சுற்றிலும் கறுத்தது. உப்புத்தாளால் தேய்த்ததில் வளையம் போயிற்று, கூடவே மெருகும் போயிற்று. அதை மறைக்கப் பழுப்பு ஷூ பாலிஷ் பூசினான். மேஜைக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா சகலை உள்ளே வரவேண்டும்? ஆனால் அவர் கேலி செய்யவில்லை.

"முழுசா ஒரே சீரா பூசிடுங்க தம்பி. தெரியாது."

சொன்னதோடு நிற்காமல் தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு தேய்த்தார். இத்தனை வருஷம் இந்த மனுஷரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

மாமனார் வந்தார். மேஜையை விரலால் தடவினார். விரல் பழுப்பானது.

"யார் பார்த்த வேலை இது?"

"சின்ன மாப்பிள்ளைதான் மாமா," என்று சகலை முந்திக்கொண்டார். "காலையிலேர்ந்து சாப்பிடக்கூட எழுந்திருக்கலை. மேஜை மேஜைன்னு இதுகூடவே கிடக்கிறார்."

கவிழ்த்துவிட்டான் படுபாவி என்று அவன் பல்லைக் கடித்தான். மாமனார் அவனுடைய பழுப்பேறிய கைகளையே சற்று நேரம் பார்த்தார்.

"மெருகு போனா போட்டுக்கலாம். இந்த அக்கறை வருமா? மேஜை உங்களுக்குத்தான் மாப்பிள்ளை."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சகலை முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினான். அவரோ முகமெல்லாம் பல்லாக, மேஜையின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கி வாசல்வரை வந்தார்.

லாரிக்காரர் மேஜையை வாங்கி ஏற்றிவிட்டு அவனிடம் கேட்டார்.

"மேஜை போற வீட்லதான் இனிமே தானும் இருக்கப்போறதா பெரியவர் சொன்னாரு சார். அவர் கட்டிலை உங்க வீட்ல எந்த ரூம்ல போடணும்?"