பல் டாக்டரின் பேட்டரி வைத்தியம்

சாவியைத் திருகினால் கார் "டக்" என்றது. பல் டாக்டர் இன்னொரு தரம் திருகினார். மறுபடியும் "டக்". அதற்கு மேல் பேச மாட்டேன் என்றது.

"என்னங்க, முதல் நாள் வேலை. ஒன்பது மணிக்கு நான் அங்க இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. பஸ்லயே போயிடறேனே?" என்றாள் மனைவி.

"பஸ்ஸா? நான் இருக்கும்போதா? என்ன வேலை, எங்கேங்கறதெல்லாம் போற வழியில சொல்லு. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லு."

பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

"வெறும் பற்காரைதான் இது! இருபது வருஷமா ஊரார் பல்லுல இதைத்தானே சுரண்டறேன்?"

"எதுக்கும் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டா..."

"நான் இருக்கும்போது சுரண்ட வேற ஆளா? மானக்கேடு!"

பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்ததும் கொப்பளிக்க வைத்தே பழகிவிட்டவர், ஒரு குவளை வெந்நீரையும் ஊற்றினார். அது தெறித்து மனைவியின் புது உடையெல்லாம் கறை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக்கொண்டு வருவதற்குள், கார் "டக்" என்பதையும் நிறுத்தியிருந்தது.

"மரத்துப் போயிருக்கு. நல்ல அறிகுறி," என்றார்.

அப்போதுதான் ஆபீஸுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். டாக்டர் வயரும் கையுமாகப் போய் மடக்கினார்.

"சார், உங்க பேட்டரியிலேர்ந்து கொஞ்சம் கரண்ட். ரெண்டே நிமிஷம், வலிக்கவே வலிக்காது."

"டாக்டர், சிவப்புக்குச் சிவப்புதானே மாட்டணும்?"

"சும்மா இருங்க சார், எத்தனை கடைவாய்ப்பல் பார்த்த கை இது!"

பளிச்சென்று ஒரு பொறி. பக்கத்து வீட்டுக் கார் ஒரு தரம் அலறிவிட்டு அடங்கிப் போனது. அவர் வாயைப் பிளந்தார். டாக்டர் தன்னையறியாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மனைவி பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் போனதும்தான் டாக்டருக்கு உறைத்தது. ஐயோ, என்னால்தானே அவளுக்கு வேலை போகப் போகிறது! இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் ஸ்பானரைத் தேடினார்.

சற்று நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. மெக்கானிக் ஒருவர் இறங்கி, "ரெண்டு காருதானே சார்?" என்றார்.

"நான் யாரையும் கூப்பிடலையே! உங்களை யாருய்யா அனுப்பினது?"

"எங்க ரிப்பேர் கம்பெனியில போன் எடுக்க இன்னைக்குச் சேர்ந்த மேடம்தான் சார். முதல் நாளே ரெண்டு கேஸோட வந்து நின்னாங்க, முதலாளியே அசந்துட்டாரு!"