வெடிப்பைத் தாண்டியவன்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹாக்கியில் பந்தை வெளியே விட்டுவிட்டு, தான் மட்டும் கோலுக்குள் போன மகான் அடியேன்தான்.

எழுபதுகளின் கடைசி. கயத்தாறு பக்கம் எங்கள் கிராமத்தில், பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடுதான் மைதானம். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். கோலுக்கு ஐந்தடி முன்னால் ஒரு வெடிப்பு, மாட்டுக் கால் சிக்கும் அகலத்துக்கு. அந்த இடம் வந்தால் பந்தை நெம்பித் தூக்கிவிட்டு நாங்களும் ஒரு தாவு தாவுவோம். வருஷக்கணக்கில் பழகியதில் தூக்கத்தில்கூடக் கால் தாவும்.

அப்போதுதான் கோவில்பட்டியில் ஒரு மில்லுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தார்கள். தேறினால் மில்லில் வேலை. வேலை கிடைத்தால்தான் தன் மகளைக் கொடுப்பேன் என்று தாய்மாமா சொல்லியிருந்தார். (எனக்கு ரொம்பப் பிடித்த பெண். வினையே அதுதான்.)

தேர்வு ஆட்டத்தன்று காலையிலிருந்து ஐந்து முறை ஒதுங்கிவிட்டு வந்தேன். எங்கள் கேப்டன் சுப்பையா அண்ணாச்சி தைரியம் சொன்னார்.

"ஏலே, பதறாத. ஒங்க மாமா வந்திருக்காவ, மில் மேனேஜர் வந்திருக்காவ, அம்புட்டுப் பேரும் உன்னயத்தான் பாக்காவ. நீ பதறாத."

அதைக் கேட்டதும் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சிதான் திருப்பிக் கொடுத்தார். விசில் ஊதியதும் பயம் அப்படியே வெறியாக மாறி, எங்கள் அணிக்காரனிடமிருந்தே இரண்டு முறை பந்தைப் பறித்தேன்.

கடைசி நிமிடம். கோல்கீப்பர் சறுக்கி விழுந்து கிடக்கிறார். கோல் காலி. பந்து என் மட்டையில். ஒரு தட்டு தட்டினால் வேலையும் எனக்கு, பெண்ணும் எனக்கு.

உருளை போட்டு மட்டமாக்கிய செம்மண் தரை அது. என் காலுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கோலுக்கு ஐந்தடி தூரம் வந்ததும் தாவிவிட்டது. கை நெம்ப மறந்த பந்து நின்ற இடத்திலேயே நின்றது. நான் வலைக்குள் போய்த் தொங்கினேன்.

அம்பயர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார்.

"தம்பி, எதைத் தாண்டுனீங்க?"

"வெடிப்பை, சார்."

"இங்கன வெடிப்பு எங்க இருக்கு?"

"எங்க ஊர்ல இருக்கு, சார்."

வேலை போயிற்று. அவமானத்தில் அழுதே விட்டேன். மாமாவோ வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பயலுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல. இவனுக்கே கொடுக்கேன்" என்றார். (மளிகைக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டேன்.)

கல்யாணத்தன்று மறுபடியும் அதே படபடப்பு. மணவறையைச் சுற்றி வரும்போது கால் தானாகத் தாவியது. போட்டோக்காரர் சரியாக அந்த நொடியில் அமுக்கித் தொலைத்தார். மாப்பிள்ளையின் இரண்டு காலும் தரையில் இல்லாத அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்னால் என் மனைவி அதைத்தான் காட்டுவாள்.

"இவிய வெடிப்பைத் தாண்டுதாவ. நல்லவேளை, நான் கையைப் பிடிச்சிருந்தேன். இல்லன்னா பந்தை விட்ட மாதிரி என்னயும் விட்டுட்டுப் போயிருப்பாவ."