எட்டணா அக்காவின் கைச்சுளுக்கு

மதுரையிலேயே எட்டணா அக்காவைப் போல மோசமாகப் பொய் சொல்கிறவர் யாரும் இருந்திருக்க முடியாது. செல்லூரில் எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒற்றை அறைக்குத் தனியாகக் குடிவந்தவர். நெற்றியில் எட்டணாக் காசு அளவுக்குக் குங்குமப் பொட்டு. அதனால் அந்தப் பெயர். தலையில் மல்லிகை இல்லாமல் குழாயடிக்குக்கூட வரமாட்டார். தறிக்கொட்டகையில் நூல் சுற்றப் போனாலும் அதே அலங்காரம்தான்.

புருஷன் பட்டாளத்தில் என்று சொல்லியிருந்தார். எப்போது லீவில் வருவார் என்று கேட்டால், "அங்க பனி விழுகுதுக்கா, ரயிலு ஓடலயாம்" என்பார்.

"மூணு வருசமாவா விழுகுது?" என்றார் என் அம்மா.

"அம்புட்டுப் பனிக்கா!"

பூவும் பொட்டுமாக இப்படி ஒரு சுமங்கலி கண்ணெதிரில் இருந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் விடுவார்களா? ஆரத்தி எடுக்க அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். என் அக்கா கல்யாணத்தில் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, "சுளுக்கிருச்சு" என்றார். அன்று சாயங்காலமே அந்தக் கையால் குடம் தூக்கிப் போனார். பக்கத்து வீட்டு வளைகாப்பில் "வயித்தால போகுது" என்று ஓரமாக உட்கார்ந்தவர், புளிச்சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்னொரு வீட்டில், தட்டைக் கையில் கொடுக்கும் நேரம் பார்த்து, "தோள்ல பல்லி விழுந்துருச்சு, முழுகிட்டு வாரேன்" என்று ஓடியே போனார். அடுத்த விசேஷத்துக்கு என்ன நோவு வரும் என்று நாங்கள் பெண்பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம். தலைக்கனம் பிடித்தவள் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் உசிலம்பட்டியிலிருந்து அவருடைய கொழுந்தன் தேடி வந்தான். தெருவே கேட்கும்படி கத்தினான்.

"எங்கண்ணன் செத்து அஞ்சு வருசமாச்சு. இங்க வந்து பூவும் பொட்டுமாத் திரியுறியா?"

அக்கா அன்று பொய் சொல்லவில்லை. "வெறும் நெத்தியோட கேட்டா எவுகளும் வீடு தரல. தந்த ஒரு எடத்துலயும் ராத்திரியானா கதவத் தட்டுனாய்ங்க. நான் எங்க போக?"

வீட்டுக்காரம்மா அப்போதே அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். "எம்புட்டு விசேசத்துக்கு இவளக் கூப்பிட்டோம்! நம்ம புள்ளைக வெளங்குமா?" என்று ஒருத்தி வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டோம். ஒண்ணுலயாச்சும் தட்டத் தொட்டாளா?" என்றார் அம்மா.

சுளுக்கும் பல்லியும் எதற்கு என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் தன் கையால் வந்துவிடக் கூடாதென்று நினைத்திருக்கிறார், பாவி மனுஷி. தன் கை ஆகாது என்று ஊரோடு சேர்ந்து அவரும் நம்பியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

விளங்கி என்ன? இருந்துகொள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் கொழுந்தன் பின்னால் டவுன் பஸ்ஸுக்கு நடந்து போனார். நெற்றியைத் துடைத்திருந்தார்கள். பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். ஆரத்திக்குக் கூப்பிட்டவுடனே இரண்டு சுமங்கலிகள் வந்து நின்றார்கள். நான் அழுததைப் பார்த்து, பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்றார்கள். கை சுளுக்கிருச்சு என்று சொல்ல அங்கே ஆளில்லை, அதற்குத்தான் அழுதேன்.