என் கண் எந்தச் சங்கத்துக்குப் போகும்?

நிபந்தனைத் தானக்காரர் என்றொரு இனம் உண்டு. அழிந்துபோகும் ஆபத்து அதற்கு இல்லை. ரத்ததான முகாமில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கைதட்டலில் முந்திக்கொண்டு, "மனுசனுக்கு மனுசன் உதவாம வேற யாரு உதவுறது?" என்று ஊரைக் கேட்டு, ஊசி தன் பக்கம் வரும்போது மட்டும் "நமக்குக் கொஞ்சம் பிரஷர்" என்று நகர்ந்துவிடும் இனம். கஞ்சர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாம் கொடுப்பார்கள். கூடவே ஒரு 'ஆனா'வும் வரும்.

வட்டவளைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருக்கும் செல்லசாமி இந்த இனத்தில் நல்ல வளர்த்தி. அன்று தோட்டத்து மண்டபத்தில் உறுப்பு தானம் பற்றிப் பேச ஆஸ்பத்திரியிலிருந்து தாதி ஜெனிதா வந்திருந்தார். கூட்டத்துக்குத் தலைமை செல்லசாமி. வேறு யார்? உடம்பு மண்ணுக்குப் போகிறது, மண் தேயிலைக்குப் போகிறது, தேயிலை கம்பெனிக்குப் போகிறது, ஆகவே செத்த பிறகும் கம்பெனிக்கே உழைக்காமல் மனிதனுக்கு உழைப்போம் என்று அவர் முழங்கியபோது தகரக் கூரை அதிர்ந்தது.

அவர் உட்கார்ந்த கையோடு அவர் மனைவி பூரணி எழுந்து நின்றாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மிஸ்ஸி, நான் எழுதிக் குடுக்கிறேங்க. தேயிலைக் குச்சி குத்தி வெள்ள விழுந்த நம்ம மக லோஜினிக்கு, யாரோ செத்தவங்க கண்ணு குடுத்துட்டுப் போனதாலதானே இன்னைக்கு அவ பஸ் போர்டு வாசிக்கிறா. நானும் குடுத்துட்டுப் போறேன்."

"சந்தோசங்க அக்கா. கையெழுத்து மட்டும் பத்தாது" என்றார் ஜெனிதா. "கிட்னி, ஈரல் எல்லாம் ஆஸ்பத்திரியில மூளை செத்து, மிஷின்ல மூச்சு ஓடுறப்பதான் எடுக்கலாம். கண்ண வீட்டுல செத்தாலும் எடுக்கலாம், சில மணித்தியாலத்துக்குள்ள. வீட்டாளுங்க ஒடனே போன் பண்ணணும். அவங்க மாட்டேன்னா நாங்க தொட மாட்டோம்."

மண்டபமே செல்லசாமியைத் திரும்பிப் பார்த்தது. பூரணியின் விருப்பம் இனி அவர் வாயில் இருந்தது.

"அந்தக் கண்ணு யாருக்கு மிஸ்ஸி போகும்?" என்றார் அவர்.

"யாருக்கு அவசரமோ அவங்களுக்குங்க."

"எதிர்ச்சங்கத்தாளுக்குப் போனா?"

"போனா அவரு பார்ப்பாரு."

"அதத்தான் கேக்கிறேன். நம்ம கொடியப் பார்த்த கண்ணு, அவனுங்க மேதினக் கூட்டத்துக்குப் போகுமா?"

சிரித்தவர்களை அவர் முறைத்தார். கல்யாணப் பந்தியிலேயே சங்கம் பார்த்து உட்காரும் தோட்டம் அது. ஓர் ஆள் சங்கம் மாறினாலே ஒரு வாரம் தூங்காதவர் அவர். வீட்டுக்காரியின் கண்ணே மாறினால்? அவருக்கு நிஜமாகவே வியர்த்தது.

"உடம்பு முழுசா போகலைன்னா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பா மிஸ்ஸி."

"உங்களுக்கு முன்பல்லு இல்லையே தலைவரே. அடுத்த பிறவியில பொக்கை வாயோடயா பொறப்பீங்க?"

"எல்லாப் புள்ளையும் பொக்கை வாயோடதானே பொறக்குது!"

ஜெனிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தெம்பில் செல்லசாமி அடுத்த கேள்வியை எடுத்தார்.

"பெட்டியில மூஞ்சி எப்படி இருக்கும்? கொழும்புல இருக்கிற சொந்தமெல்லாம் வீடியோ கோல்ல பார்க்குமே."

"எடுத்த அடையாளமே தெரியாம மூடி வெச்சிருவோம். தூங்குற மாதிரிதான் இருக்கும்."

கேள்வி தீர்ந்துபோனால் தலைவர்கள் என்ன செய்வார்கள்?

"சரி, கமிட்டியக் கூட்டிப் பேசி முடிவெடுப்போம்."

"என் கண்ணுக்கு எதுக்குங்க கமிட்டி?" என்றாள் பூரணி.

"அப்பா" என்று பின்வரிசையிலிருந்து மகள் லோஜினி எழுந்தாள். "எனக்கு வெச்ச கண்ணு எந்தச் சங்கம்னு கேட்டீங்களா?"

"கேட்டேனே! டொக்டர் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

"எதிர்ச்சங்கம்னு சொல்லியிருந்தா வேணாம்னு இருப்பீங்களா?"

சம்பளப் பேச்சுவார்த்தையில் துரைமாரையே வாயடைக்க வைத்தவர், மேசையிலிருந்த கிளாஸை எடுத்துக் குடித்தார். அதில் தண்ணீர் இல்லை. இருந்தும் குடித்து முடித்தார்.

"சரி, பூரணி. போன் பண்றேன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்காகத்தான் மண்டபமே காத்திருந்தது.

"எனக்கு முன்னால நீ போகக் கூடாது."

பெண்கள் பக்கம் "ஆங்..." என்று உருகியது. பூரணி உருகவில்லை.

"சரிங்க. அப்ப நீங்கதான் மொதல்ல போவீங்க. உங்க கண்ணுக்கு நான்தான் போன் பண்ணணும். பண்ணவா, வேணாமா?"

செல்லசாமி வாசலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில், தன்னை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"பண்ணித் தொல" என்றார். பிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "எவனுக்குப் போச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராத."

நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். அவருக்காக யார் போன் பண்ணுவார்கள் என்பது இப்போது தோட்டத்துக்கே தெரியும். உங்களுக்காக யார் பண்ணுவார்கள்? அவர்களிடம் நீங்கள் சொல்லிவிட்டீர்களா? "நல்ல நாளும் அதுவுமா அதைப் போய்ப் பேசுவானேன்" என்று தள்ளிப்போட்டிருந்தால், மேடையில் செல்லசாமிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. கூச்சப்படாமல் வந்து உட்காருங்கள்.