ஆளு இருந்துச்சு!

எழுபதுகளில், தஞ்சோங் மாலிமிலிருந்து பாரிட் புந்தார் வரைக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மேடையேறிப் பேசிய தமிழர் யாராக இருந்தாலும் சரி, கோசோங் அண்ணனிடம் ஒரு முறையாவது அடி வாங்காமல் இறங்கியதில்லை. கையால் அல்ல, வாயால். அதுவும் இரண்டே வார்த்தை.

அந்த மேடைகளுக்கெல்லாம் மைக் செட் கட்டியவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஈயக்குட்டையில் மண் அலசினேன், பாரிட் புந்தாரில் நெல் மூட்டை தூக்கினேன், மீன் லாரியில் படுத்து வளர்ந்தேன். கடைசியில் குனோங் ராபாட்டில் ஒரு மைக் செட் கடையில் ஒதுங்கினேன். கல்யாண வீட்டுச் சாப்பாடு நிச்சயம் என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

கோசோங் அண்ணனை முதலில் பார்த்தது பீடோரில் ஒரு கல்யாணத்தில். வாழ்த்த வந்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெறும் காடாகக் கிடந்த மண்ணை வியர்வை சிந்தி நாடாக்கியவர்கள் நாம்!" என்றார். அந்த நாளில் இந்த வரி இல்லாமல் எங்கள் கல்யாணம் செல்லாது. கைதட்டல் அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆளு இருந்துச்சு!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. குரல் விடவில்லை.

"முன்னாடியே ஆளு இருந்துச்சுலா! தெரிஞ்சுக்கிட்டே மறைக்கிறீங்க!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "யாருக்கு ஆளு இருந்துச்சு? பொண்ணுக்கா? தாலி ஏறுறதுக்குள்ள சொல்லிருங்க!" பெண்ணின் அம்மா நாற்காலியோடு சாய்ந்தார். மணப்பெண், ஒருவேளை இவருக்குத்தானோ என்று மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொண்ணுக்கு இல்ல மாமா, காட்டுக்கு! காட்டுல செமாய் ஆளுங்க இருந்தாங்க. வெறும் காடுங்கிறாரே, அதச் சொல்றேன்."

"அவ்வளவுதானா?" என்று தாய்மாமன் உட்கார்ந்துவிட்டார். மேளம் கொட்டியது.

மலைப்பக்கம் வாழும் பூர்வகுடிகளான செமாய் மக்களிடம் பெத்தாய்க் காயும் துரியானும் வாங்கி, பழைய மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பது அவர் தொழில். அவர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பெத்தாய் வாசனை வந்து இடம் பிடித்துவிடும். சொந்தப் பெயர் ஏதோ ஒரு சாமி. கோசோங் என்று ஊர் வைத்ததற்குக் காரணம், உலகத்தில் அவர் வெறுத்த ஒரே சொல் அதுதான். மலாயில் கோசோங் என்றால் காலி, சுழியம், சீனி போடாத தேநீருக்கும் அதுவே பெயர். யார் எதை வெறுக்கிறாரோ அதையே அவருக்குப் பெயராக வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

சாப்பாட்டுக் கடையில் யாராவது "தே ஓ கோசோங்" என்று கேட்டால் அடுத்த மேசையிலிருந்து எழுந்து வருவார். "தண்ணி இருக்கு, தேயிலை இருக்கு, எப்படி கோசோங்? சீனி வேணாம்னு சொல்லுலா!" டாக்சி ஸ்டாண்டில் ஒருவர் கோசோங்கா என்று விசாரித்ததற்கு, "டிரைவர் உக்காந்திருக்கான், ஒங்க கண்ணுக்கு அவன் ஆளாத் தெரியலையா?" என்று சண்டை. தொலைபேசி எண்ணில் வரும் சுழியத்தைக்கூட முட்டை என்பார். அவர் எண் சொல்வதைக் கேட்டால் கோழிப்பண்ணைக்காரர் கணக்குச் சொல்வதுபோல் இருக்கும்.

சில நேரம் அளவு மீறிப்போவார். ஈப்போ என்ற பெயரே செமாய்க்காரர்கள் ஊதுகுழல் அம்பில் தடவும் விஷ மரத்தின் பெயர் என்பார். அது சரி. அதனால் ஈப்போவில் படம் பார்க்க அவர்களிடம் டிக்கெட் கேட்கக் கூடாது என்று ஒருநாள் தியேட்டர் வாசலில் மறியல் செய்தார். கூட வந்த இரண்டு செமாய்க்காரர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு, பேசாமல் டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் வெளியே நின்றார்.

"எதுக்குண்ணே ஒங்களுக்கு இந்த வம்பு?" என்று ஒருமுறை, அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் வைத்துக் கேட்டேன். என்னை அவர் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கப்பன் இந்தத் தோட்டத்துக்குக் காடு வெட்ட வந்த மொத செட்டு ஆளு, மைக்கு. தொரை மேப்பை விரிச்சு வச்சு, எல்லாம் கோசோங், வெட்டுன்னான். உள்ள போனா துரியான் மரம் நட்ட மாதிரி நிக்குது. ஒரு கெளையில தூளி தொங்குது. அடுப்புச் சாம்பலத் தொட்டா சுடுது. எங்கப்பன் போயி தொரைகிட்ட, ஆளு இருக்கு தொரைன்னாரு. ஒனக்குக் கூலி வெட்டத்தான், பாக்க இல்லன்னான்."

"அப்புறம்?"

"வெட்டுனாரு. வெட்டலன்னா சோறு? ஆனா சாகுற வரைக்கும் அந்தத் தூளியப் பத்தித்தான் பேசுனாரு."

அந்தத் தூளிக்காரர்களின் வழிவந்தவர் பா இத்தாம். பா என்பது அவர்கள் மொழியில் மரியாதைச் சொல். தோட்டத்துக்கு அப்பால், ஆற்றின் அக்கரையில் அவருடைய வீடு. கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில் வெள்ளைக்காரன் அவர்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் வைத்தான். காய்ச்சலில் பாதிப்பேர் போனார்கள். மிச்சப்பேர் திரும்பி வந்தபோது, ஆள் இல்லாத நிலம் என்று எழுதி முடித்திருந்தார்கள். இருந்தாலும் துரியான் மரங்கள் அப்படியே நின்றன. அவற்றின் கீழேயே குடியிருந்தார்கள்.

விவகாரம் திருவிழாவில் வந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர், மண்டோர், அதாவது கங்காணி, வேலை பார்த்தவர். கோசோங் அண்ணனுடைய அக்கா புருஷன். அதனால்தான் அண்ணனைக் கோயிலை விட்டு விரட்ட முடியவில்லை. விரட்டினால் வீட்டில் சோறு வராது. அந்த வருடம் வெள்ளைக்காரக் கம்பெனி போய்ப் புதுக் கம்பெனி வந்திருந்தது. புது மேனேஜர், திருவிழாவுக்கு வந்து பரிவட்டம் கட்டிக்கொண்டால் கோயிலுக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கூடவே, அக்கரை கோசோங்தானே, அதையும் அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறோம், உங்கள் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். தலைவரும், ஆமாம் கோசோங்தான் என்று தலையாட்டியிருந்தார். பா இத்தாமிடம் கிராண்டு, அதாவது நிலப்பத்திரம், கிடையாது. நிலம் தன்னுடையது என்று காட்ட மரங்கள்தான் இருந்தன.

தலைவர் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "தம்பி, என் மச்சினன் மைக்கைப் புடிச்சு 'ஆளு இருந்துச்சு'ன்னு வாயத் தொறந்தான்னா அடுத்த செகண்டு மெயின் சுவிட்ச அடச்சிரு. கோயில் கூரை ஒன் கையில."

"சரிங்க தலைவரே."

அன்று மத்தியானம் அண்ணன் பா இத்தாமையும் அவர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு கூடை துரியானோடு அவர்களை முன் வரிசையில் உட்கார வைத்தார். தலைவருக்கு முகம் கறுத்தது.

"சக்காயையெல்லாம் எதுக்குடா கூட்டியாந்த?"

"அப்படிச் சொல்லாதீங்க மச்சான். அவங்க சொந்தப் பேரு இல்ல அது, அடிமைன்னு அர்த்தம். ஒங்கள எளப்பமா கிளிங்னு கூப்பிட்டப்ப ரெண்டு நாளு சோறு எறங்கலைல்ல?"

"வாய மூடிக்கிட்டு உக்காரு."

"எல்லைச்சாமிக்குப் பூசை போட்டாச்சு. எல்லைக்காரனுக்கு என்னா போட்டீங்க?"

"சோறு போடுறேன்லா! உக்காரு!"

மழை பெய்திருந்தது. மேனேஜரின் கார் செம்மண் பாதையில் புதைந்துவிட்டது என்று செய்தி வர, தலைவர் மாலையும் கையுமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். பூசாரிக்கு நேரம்தான் முக்கியம். வயதானவர், கண்ணில் புரை விழுந்து ஆள் நிழலாகத்தான் தெரியும். வெள்ளைத் துரை காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. பூசாரி மூன்று தரம் கூப்பிடுவார், துரை வந்து குனிவார், பரிவட்டம் ஏறும். மூன்றாம் கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால் ஊருக்கு ஆகாது.

"மண்ணுக்கு உடையவர் வரலாம்!"

யாரும் வரவில்லை.

"மண்ணுக்கு உடையவர் வரலாம்!"

கோசோங் அண்ணன் மெதுவாக என் பக்கம் வந்து மைக்கை எடுத்தார். என் விரல் சுவிட்சுக்குப் போனது.

"ஒண்ணும் இல்ல மைக்கு. முன்னாடி இருக்கிறவருக்குத் தமிழ் புரியாதுல்ல, பூசாரி கேக்கிறத மலாயில சொல்றேன்." என்னைப் பார்த்துக்கொண்டே, "இந்த மண் யாருடையது? வரலாம்" என்று நிதானமாக மலாயில் கேட்டார். நாலு குழாய் ஸ்பீக்கரும் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டன.

'ஆளு இருந்துச்சு' என்று சொன்னால்தான் சுவிட்சை அடைக்க வேண்டும். இதற்கு எனக்கு உத்தரவு இல்லை.

பா இத்தாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. வேறு உடையவர் யாராவது எழுந்திருக்கிறாரா என்று இடமும் வலமும் பார்த்தார். இல்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். வெறுங்காலோடு நடந்து வந்து நின்றார்.

"மண்ணுக்கு உடையவர் வரலாம்!" என்று மூன்றாம் தரம் கூப்பிட்ட பூசாரி, எதிரில் ஒரு நிழல் நிற்கவும், "வந்துட்டாருப்பா" என்று நிம்மதியாகப் பரிவட்டத்தைக் கட்டிவிட்டார். கட்டிய கையோடு சாமி வந்து ஒரு ஆட்டம் ஆடினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

மேனேஜரும் தலைவரும் முழங்கால் வரை சேற்றோடு உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

மேனேஜர் சிரித்தபடி மலாயில் கேட்டார். "யார் இது?"

பா இத்தாமே பதில் சொன்னார். அக்கரையில் இருக்கிறேன், அங்கே நிற்கும் துரியானெல்லாம் என் பாட்டன் தின்று போட்ட கொட்டை, அவருக்கு முன்னால் அவருடைய பாட்டன் தின்றது. வேண்டுமானால் இன்று நீங்களும் தின்னலாம், கூடை கொண்டுவந்திருக்கிறேன்.

மேனேஜர் தலைவரின் பக்கம் திரும்பினார். "அக்கரை கோசோங் என்றுதானே நீ சொன்னாய்?"

கூட்டம் முழுக்கக் கோசோங் அண்ணனைப் பார்த்தது. இரண்டு வார்த்தை வெடிக்கப்போகிறது என்று நான் சுவிட்சில் கை வைத்தேன். அண்ணன் வாயே திறக்கவில்லை. மைக்கைத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார், அவ்வளவுதான்.

தலைவர் மேலே பார்த்தார். ஓட்டைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பரிவட்டத்தைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார்.

"அம்மா கட்டுன துணிய நான் அவுக்க முடியாதுடா" என்று தமிழில் முனகினார். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு மலாயில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆள் இருந்தது, துவான். எங்களுக்கு முன்னாடியே."

கூரை வரவில்லை. மேனேஜர் துரியானும் தின்னவில்லை, சோறும் தின்னவில்லை. ஒரு மாதம் அக்காவை மட்டும் பார்த்துவிட்டு, மச்சானை அண்டாமல் வீட்டுக்கு வந்துபோனார் அண்ணன். ஆனால் புல்டோசர் அந்த வருடம் ஆற்றைத் தாண்டவில்லை. பிறகு தாண்டியபோதும் ஓரமாகக் கொஞ்சம் தின்றுவிட்டு, துரியான் நின்ற பக்கத்தை விட்டுவிட்டது. அது அம்மனாலா, செம்பனை விலையாலா என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளில் தோட்டத்தையே விற்றார்கள். எங்களுக்கும் கிராண்டு கிடையாது. லயத்து வீடுகளை இடித்தார்கள். ஆட்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். அம்மனைத் தூக்க நான் லாரி கொண்டு போனபோது, வாசலில் காலி நிலம் என்று மலாயில் புதுப் பலகை நட்டிருந்தது. கோசோங் அண்ணன் அதற்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. "ஆளு இருந்துச்சு" என்று பலகையிடம் சாதாரணமாகச் சொன்னார். இந்த முறை அந்த ஆள் நாங்கள்.

அம்மனை எங்கே கொண்டுபோவது என்று தலைவருக்குத் தெரியவில்லை. அக்கரையிலிருந்து பா இத்தாம் வந்தார். துரியான் மரத்தடியைக் காட்டி, அங்கே இடம் கோசோங்தான், கொண்டுவந்து வையுங்கள் என்றார்.

நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர்.

"அவரு சொல்லலாம்லா. அவரு ஒருத்தருதான் சொல்லலாம்."

அண்ணன் போய் வருடங்கள் ஆகின்றன. நான் இன்னும் ஊர் ஊராகத்தான் அலைகிறேன். ஈப்போவில் பீடோர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் யாராவது வந்து, என் பக்கத்து இருக்கையைக் காட்டி, "கோசோங்கா?" என்று கேட்பார்கள். பதில் என்னைக் கேட்காமலே வந்துவிடும்.

"இல்லங்க. ஆளு இருக்கு."