லிஃப்ட் ஓடாத வாரம்

மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறையில் மெக்கானிக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கீழே படிக்கட்டில் தன் மனைவிக்கு மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டின் ஃபியூஸ் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

நகரத்தில் ஓடும் லிஃப்டுகளில் பாதிக்கு அவர்தான் வைத்தியர். அப்பேர்ப்பட்டவர் தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டையே படுக்கப் போட்டுவிட்டு, ‘பராமரிப்பு நடக்கிறது’ என்ற பலகையையும் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாக எழும்பிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். “நீங்க போறீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க” என்று மேனேஜர் கேட்டிருந்தார்.

மெக்கானிக்குக் கசக்குமா? அங்கே லிஃப்ட் மாட்டப் போனபோதே அவருடைய மனசு அந்த ஊரில் தங்கிவிட்டது. வாசலில் மண்தரை உள்ள வீடுகள். நடந்தே போய்வரக்கூடிய கடைத்தெரு. இங்கேயோ, சாப்பிட உட்கார்ந்தால் போதும், எங்கோ ஒரு லிஃப்டில் எவராவது மாட்டிக்கொண்டு போன் அடிப்பார்கள். கையைக் கழுவிவிட்டு ஓட வேண்டும். சூடாகச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

ஆனால் மனைவி? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அந்த ஊருக்குக் கூட்டிப்போயிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள், வாயைத் திறக்கவில்லை. சரி, பிடிக்கவில்லை என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்த ஐந்தாம் மாடிக்கே வந்தார்கள். மறுபடியும் ‘கிளம்பு’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவளாகவே சலித்துப்போய், ‘இந்த ஊரே வேண்டாங்க’ என்று சொன்னால்தான் நியாயம். ஸ்கேன் சென்டரில் நாளெல்லாம் நின்றபடி எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிறவள், ஐந்து மாடி ஏறினால் சொல்லாமலா இருப்பாள்?

பாவமாகத்தான் இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டுக்கு இறங்கிப் போய்க் காத்திருந்தார்.

வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னம்மா, கால் வலி உயிர் போகுதா?”

“வலியா? மூணாவது மாடி பாட்டு டீச்சர் கைய புடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டாங்க. என்ன அருமையான மனுஷி தெரியுமா! லிஃப்ட்ல போய் வந்ததுல இவங்க மூஞ்சியே எனக்குத் தெரியாம போச்சுங்க.”

மெக்கானிக் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று சட்டைப்பையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி கதவைத் தட்டினார். ரிட்டயர்டு ஆனவர், சங்கத்தைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது.

“மெக்கானிக் சார், நீங்க இருக்கிற கட்டடத்துலயே லிஃப்ட் ஓடலேன்னா வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

“பார்ட் வரணும் சார்.”

“எங்கேருந்து?”

“ரொம்ப தூரத்துலேருந்து” என்று சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

அன்று மாலை மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிகள் முளைத்திருந்தன. பாட்டு டீச்சர், இரண்டாம் மாடித் தையல்காரம்மா, நடுவில் மெக்கானிக்கின் மனைவி. மூவரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். மூன்று வருஷமாக யாரோடும் ஒட்டாமல் இருந்தவள், அவர் புண்ணியத்தில் இந்தக் கட்டடத்தில் வேர் விட ஆரம்பித்துவிட்டாள்.

மெக்கானிக் செக்ரட்டரியிடம் ஓடினார். “சார், படியில நாற்காலி போடக் கூடாது. தீ கீ புடிச்சா ஜனங்க எப்படி ஓடுவாங்க?”

“நல்லவேளை சொன்னீங்க!” என்று செக்ரட்டரி உடனே நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்.

புதன்கிழமை மெக்கானிக் ஏறி வந்தபோது படிகளில் ஆளுக்கொரு படியாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பிஸ்கட், ஃபிளாஸ்கில் டீ. செக்ரட்டரியும் ஒரு படியில் சம்மணம் போட்டிருந்தார்.

“உங்க யோசனை பிரமாதம் சார்! நாற்காலின்னா மூணு பேரு. படின்னா கட்டடமே உக்காரலாம்!”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இனி ஒரே வழிதான். மறுநாள் விடிந்ததும் மேலே போய் ஃபியூஸைச் செருகி, பலகையைக் கழற்றினார். லிஃப்ட் ஓடினால் படியில் யாருக்கு என்ன வேலை?

மாலை வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவருடைய மனைவி வேலை முடிந்து வந்து லிஃப்டில் ஏறினாள். மூன்றாம் மாடியில் அதை நிறுத்தினாள். பாட்டு டீச்சர் வெளியே நிற்க, இவள் உள்ளே நிற்க, பேச்சு ஆரம்பித்தது. கதவு மூட வந்தது. இவள் காலை வைத்தாள். திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடியும் கால். பேச்சு அவ்வளவு முக்கியமான கட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் திறந்து திறந்து மூடப்பார்த்த கதவு மோட்டார், கடைசியில் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது.

கழற்றிய பலகையை மெக்கானிக் திரும்பவும் மாட்டினார். இந்தத் தடவை பலகை பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவரே கடைகடையாய் அலைந்து வேறு மோட்டார் வாங்கி, தோளில் சுமந்துகொண்டு படியேறினார். தனக்குத்தானே வைத்துக்கொண்ட வேட்டு எவ்வளவு கனம் என்பது இரண்டாம் மாடியிலேயே புரிந்துவிட்டது. மேலே கலகலவென்று பேச்சுச் சத்தம். அவர் தலை தெரிந்ததும் சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனைவி எழுந்து, “அடுப்புல பால் வச்சேன்” என்று மேலே ஓடினாள்.

தெரிந்துவிட்டது, ஃபியூஸ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். “மெக்கானிக் சார், சும்மா கேக்கறேன். உங்களுக்கு உயரமான கட்டடம்னா ரொம்ப இஷ்டமோ?”

ஆழம் பார்க்கிறார் மனிதர்! ‘லிஃப்டை வேண்டுமென்றே நிறுத்தினீர்களா’ என்று நேராகக் கேட்க முடியாமல் சுற்றி வளைக்கிறார். அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிட மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். “இஷ்டமாவது! உயிரு சார்! இருபது மாடி, முப்பது மாடின்னா எனக்குச் சோறு தண்ணியே வேண்டாம்.”

படியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

மெக்கானிக் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு மூன்றாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்தார். வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? அந்த மண்தரை வாசலும், சூடான சாப்பாடும் கண்ணுக்குள் வந்து போயின. ஆனால் இந்த வாரம் அவள் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை. நாலு பேர் நடுவில் அவள் இப்போதுதான் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போய் என்ன வாழ்ந்துவிடப் போகிறோம்? அவள் இருக்கிற இடமே போதும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க, முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார் மேனேஜர்.

“பண்ணிட்டேன் சார். அந்த ஆஸ்பத்திரி வேலை...”

பாட்டு டீச்சரின் கதவு படாரென்று திறந்தது. டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“போன்ல அப்புறம் பேசுங்கண்ணா, இதுக்கு மேல என்னால வாய கட்டிட்டு இருக்க முடியாது! அக்காவுக்கு அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற வேலை கிடைச்சாச்சு; பெரிய பெரிய கட்டடத்தை விட்டுட்டு நீங்க எங்க வரப்போறீங்கன்னு பயந்துக்கிட்டு, உங்கள எப்படிச் சம்மதிக்க வைக்கறதுன்னுதான் திங்கட்கிழமையிலேருந்து இந்தப் படியில உக்காந்து எங்க எல்லார்கிட்டயும் யோசனை கேட்டுட்டு இருக்காங்க!”