என்ன கேட்டாலும் 'யா'

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. பாம்புப் பயமும் கிடையாது. செம்பனைக் காட்டை ஒட்டி வளர்ந்தவளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. எனக்கு இருக்கும் ஒரே பயம், கணினி மிக மரியாதையாகக் கேட்கும் அந்த ஒரு கேள்விதான்: "நிச்சயமாகத்தானா?" நான் இப்போது மலேசியாவின் சிரம்பானில் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசை வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வி திரையில் வந்துவிட்டால் போதும், கணினி எலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாசிப்பேன். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் முனகுவார். முனகட்டும். நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கைப்பேசியில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம். போர்டிக்சனுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதையில் எங்கள் தோட்டம். நான் சிரம்பானுக்குப் பஸ் ஏறிப் போய் ஆறு வாரம் கணினி வகுப்பு படித்து, ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். (ஒரு அங்குலம் கீழேதான். அந்த மட்டும் அடக்கம் இருந்தது.)

அந்தச் சமயத்தில் யாரோ புண்ணியவான்கள் எங்கள் தோட்டத்துக்கு ஒரு கணினியைக் கொடுத்தார்கள். மூடிக்கிடந்த ஆயாக்கொட்டகையில், பிள்ளைகளைத் தூங்கப் போடும் தொட்டில் கம்பிகளுக்குக் கீழே, அதை வைத்தார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு அடிப்படைக் கணினி சொல்லித்தர ஆள் வேண்டும் என்றதும், அப்பா சட்டத்தோடு சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், தோட்ட அலுவலகக் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணியின் மேசையில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து பிலோ என்ற நான் மேடம் ஆனேன்.

ஆறு மாணவிகள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்களில் கெட்டிக்காரி அஞ்சலை அக்கா. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைக் கூட்டிக் குப்பை அள்ளும் வேலை அவருக்கு. புருஷன் இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு கடைசி லயத்தில் இருந்தார். காதால் கேட்டுப் பழகிய மலாய் நன்றாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. அதனால் ஏ பி சி டியைத் தமிழ் வார்த்தைகளை வைத்தே சொல்லிக்கொடுப்பது என்று நான் ஒரு புது முறை கண்டுபிடித்தேன். திரையில் ஒரு வீட்டின் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் பி, ஏ, டி, ஏ, எம் என்று தட்டி, "படம்! எங்கே சொல்லுங்க" என்பேன். ஆறு பேரும் "படம்" என்று கத்துவார்கள்.

இன்னும் இரண்டு தத்துவங்களும் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று, திரையின் மூலையில் இருக்கும் குப்பைத் தொட்டி வெறும் அழகுக்கு, அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இரண்டு, கணினி சும்மா சும்மா எதையாவது கேட்கும், என்ன கேட்டாலும் 'யா' என்று ஆமாம் போட்டுவிட வேண்டும். "இல்லன்னு சொன்னா அதுக்கு ரோஷம் வந்து நின்னுடும்" என்று விளக்கம் வேறு. (இதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடையாது. என் சொந்தச் சரக்கு.)

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்துவிடுவார்கள், இருக்கிற குடும்பங்களுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு கிடைக்கும் என்றார்கள். ஆனால் யார் யார் உண்மையிலேயே குடியிருக்கிறார்கள் என்பதற்கு, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு எண்ணோடு வாசலில் நிற்கும் படம் வேண்டும். பெரிய கிராணி, சி ரூசாவில் இருந்த தம் மச்சானிடம் கேமரா வாங்கி வந்து, இரண்டு வாரம் அலைந்து நாற்பத்தாறு குடும்பங்களையும் எடுத்தார். ஜனங்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வைத்திருந்த துணியை எடுத்து உடுத்தி நின்றார்கள். படங்களையெல்லாம் ஆயாக்கொட்டகைக் கணினியில் ஏற்றிவிட்டு, கேமராவைத் துப்புரவாக அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் கிராணி. ஆக, அந்த நாற்பத்தாறு வீடும் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தன. அது என் பொறுப்பில் இருந்தது.

"பிலோ, அஞ்சு மணிக்கு வர்றேன். எல்லாத்தையும் ஒரு சிடில காப்பி பண்ணி வை. நாளைக்குக் காலையில சிரம்பான்ல கொடுக்கணும். நாளைக்கு விட்டா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நிமிட வேலை. அமைதியாக நானே செய்திருக்கலாம். ஆனால் மேடத்துக்குக் கை அரித்தது. "இன்னைக்கு வகுப்புல பிராக்டிகல்" என்று அறிவித்து, அஞ்சலை அக்காவை எலியைப் பிடிக்கச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மண்டோர் சவரிமுத்து வந்து நின்றார். வெளிக்காட்டில் ஆட்களை மேய்க்கும் மனிதர். கணினி என்றாலே அவருக்கு இளக்காரம்.

"என்னா பாப்பா, இந்தப் பொட்டி தேங்கா உரிக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. கணினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். "மண்டோர், இனிமே உலகமே இதுக்குள்ளதான். தோட்டத்தையே சுருட்டி உள்ளே வச்சிடலாம். ஆபத்தே கிடையாது" என்று ஆரம்பித்தேன். பேச்சுக்கு நடுநடுவே, தலையைத் திருப்பாமலே வகுப்பும் எடுத்தேன்.

"அக்கா, எல்லாம் நீலமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம்."

"ரைட்ல கிளிக் பண்ணுங்க. லிஸ்ட் வருதா? இப்ப நமக்கு என்ன வேணும்?" (அடுத்து 'காப்பி' என்று பதில் வரும், அதற்கான மலாய் வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது மேடத்தின் பாடத்திட்டம்.)

"படம் மேடம்! இந்தா, படம்னே எழுதியிருக்கு!"

"பார்த்தீங்களா மண்டோர்? லயம் கூட்டின கை, இன்னைக்கு ஏ பி சி டி வாசிக்குது! அமுக்குங்கக்கா!"

"மேடம், ஏதோ கேக்குது... அண்டான்னு என்னமோ..."

"அண்டாவோ குண்டாவோ, என்ன கேட்டாலும் யா!"

டிக் என்று ஒரு சத்தம்.

"மேடம், கோசோங்."

எங்கள் ஊர்க் கடைகளில் சீனி போடாத தேநீருக்குக் கோசோங் என்றுதான் சொல்வோம். அக்கா டீ போடத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்து, "எனக்குச் சீனி போட்டே கொண்டாங்கக்கா" என்றேன், இன்னும் மண்டோரைப் பார்த்தபடி.

"இல்ல மேடம். உள்ளே கோசோங். ஒண்ணுமே இல்ல."

திரும்பினேன். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்தக் கணினி மலாயில் பேசும் கணினி. விளக்கை அணை, அடுப்பை அணை என்பதற்கு நாங்கள் எல்லோருமே சொல்கிற 'பாடாம்' என்ற மலாய்ச் சொல்தான் அதில் 'அழித்துவிடு' என்பதற்கும். வாயால் சொன்னால் பாடாம். எழுதினால் பி, ஏ, டி, ஏ, எம். நான் பெரிய எழுத்தில் தட்டி, ஆறு பேரையும் கத்த வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே படம். அக்கா 'அண்டா' என்று வாசித்ததுதான், 'நீங்கள் நிச்சயமாகத்தானா?' என்ற மலாய்க் கேள்வி.

மணி மூன்றரை. நாளைக்கு நாற்பத்தாறு குடும்பமும் சட்டி பானையோடு செம்மண் பாதையில் நிற்பதை அப்படியே கண்ணால் கண்டேன். முன்னால் என் அப்பா, கையில் சட்டம் போட்ட சான்றிதழோடு. அந்தப் பயத்தில் ஆறு வாரப் படிப்பும் ஆவியாகிவிட்டது. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். திரையை என் துப்பட்டாவால் துடைத்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாருக்கு முதலில் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்தேன், அசைவில்லாததால் ஒரு டஜனாக உயர்த்தினேன். மாணவிகளிடம், "கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறிடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். நல்ல மனசுக்காரிகள். போகும்போது ஒருத்தி ஈரத் துண்டு நனைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அஞ்சலை அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. எலியைப் பிடித்த கையை மடியில் வைத்து, அது ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே மேடம் அமுக்கினேன்? என் வீட்டையும் நானே அமுக்கிட்டேன். என் பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்?"

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கணத்தில் என் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அமுக்கியது அவர்தானே, கிராணியிடம் அப்படியே சொல்லிவிடலாமே என்று. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. நானும் அழ ஆரம்பித்தேன்.

"இல்லக்கா. நீங்க நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. மேடம்னு கூப்பிடாதீங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாடாம்னா தூக்கிப் போடறதுதானே?"

"ஆமாக்கா."

"தூக்கிப் போட்டா குப்பைத் தோங்குலதானே கிடக்கும்? லோரி வந்து அள்ளற வரைக்கும் எங்கேயும் போகாதே. வெள்ளிக்கிழமைதானே லோரி. நான்தானே டெய்லி பாக்குறேன்." பிறகு திரையின் மூலையைக் காட்டினார். "அழகுக்குன்னு சொன்னீங்களே, அந்தத் தோங். அதுக்கு லோரி வந்துடுச்சா?"

நான் அந்தத் தொட்டியை வெறித்துப் பார்த்தேன். ஆறு வாரம் படித்தபோதும் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒரு விஷயம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. செம்மண் பாதையில் கிராணியின் மோட்டார் சத்தம் கேட்டது. மனுஷன் அரை மணி முன்னாடியே வருகிறார். நான் பாய்ந்த அவசரத்தில் எலி மேசையைவிட்டு விழுந்து தொங்கியது. அக்காதான் அதைத் தூக்கிவைத்து, தொட்டியைத் திறந்தார்.

நாற்பத்தாறு குடும்பமும் உள்ளே நின்றிருந்தார்கள். கடைசி வரிசையில், நீலச் சேலையில், இரண்டு பெண்களின் தோளிலும் கை போட்டபடி அஞ்சலை அக்கா.

மறுபடி எல்லாவற்றையும் நீலமாக்கி, ரைட்டில் கிளிக் செய்தார். பட்டியல் வந்தது. அக்கா எழுத்துக் கூட்டினார்.

"பு... லி... மேடம், இங்க புலின்னு எழுதியிருக்கு. அமுக்கவா?"

"ஐயோ, அமுக்காதீங்க!" என்று நான் போட்ட அலறலில் ஜன்னலுக்கு வெளியே யாரோ துள்ளினார்கள். மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். புலிக்குப் பின்னால் இன்னும் வால் இருந்தது: புலிஹ்கான். பழையபடி ஆக்கு என்று அர்த்தம். மூன்று தடவை வாசித்தேன். பிறகு அக்காவின் கை மேல் என் கையை வைத்து, இரண்டு பேருமாக அமுக்கினோம்.

கிராணி வாசலில் தலையை நீட்டினார். "என்ன பிலோ, படமெல்லாம் ரெடியா?"

"படம் இல்ல, கிராணி ஐயா! போட்டோ! போட்டோன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் ஈரத் துண்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்து பதில் வந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஓரடி நகராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் சவரிமுத்து.

"ரெடி, கிராணி. பாப்பா தோட்டத்தையே சுருட்டி உள்ளே வச்சிடுச்சு லா. தோங்குக்குள்ள."

சிடி போய்ச் சேர்ந்தது. நாற்பத்தாறு வீடும் கிடைத்தன. அஞ்சலை அக்காவின் புது வீட்டு முன்னறையில் அந்த நீலச் சேலைப் படம் பெரிதாக்கப்பட்டு மாட்டியிருக்கிறது. இப்போது தாமானின் வாட்ஸப் குழுவில் பேத்தியின் முகம் தொடங்கி வாசலில் பூத்த செம்பருத்திவரை எதை அனுப்பினாலும், மறக்காமல் கீழே ஒரு வரி எழுதுவார்: "இது போட்டோ. படம் இல்லை."

அதோடு விட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கெமாஸ் ஊர்க்காரர், இந்தக் கதை எதுவும் தெரியாதவர். கோயில் நிறையத் தோட்டத்து ஜனம். பீடத்தின் முன்னால் பாதிரியார் என்னைப் பார்த்து, "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறாயா?" என்று கேட்டார்.

ஆயாக்கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் கேள்வியை மனசுக்குள் முதலிலிருந்து ஒரு தடவை வாசித்தேன். திரும்ப இன்னொரு தடவை வாசித்தேன். மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை பூத்தது. அப்போது பின் வரிசையிலிருந்து மண்டோரின் குரல் கணீரென்று வந்தது.

"என்னா மேடம் யோசனை? என்ன கேட்டாலும் யா!"

பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் நான் சம்மதம் சொன்னேன். நான் கேள்வியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று என் கணவரிடம் எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். அவர் நம்பவில்லை. அன்றைக்கு நான் எந்தப் பொத்தானில் கை வைத்திருந்தேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.